கணக்கை யாரிடம் கேட்பது?

கோப்பாய்,
08.12.2024

அன்பு மருமகளுக்கு,

போன மாதக் கடைசியில் பெய்த மழையில் வளவுக்குள் வெள்ளம் ஏறி, இப்போதுதான் வடிந்திருக்கிறது. கிணறு கலங்கிப்போய்க் கிடக்கிறது. இறைத்துவிட்டுக் குளோரின் போட வேண்டும். மற்றும்படி ஒரு குறையும் இல்லை.

நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய நீண்ட செய்தியை மாமியும் நானும் வாசித்தோம். அதற்கு அதிலேயே தட்டிப் பதில் அனுப்ப எனக்கு விரலும் வராது, மனமும் வராது. அதனால்தான் கடிதம். பக்கத்து வீட்டுப் பெடியன் படம் எடுத்து அனுப்புவான். எழுத்து விளங்காவிட்டால் அம்மாவிடம் கேள்.

விடுதலைப் புலிகள் இயக்கத்தில் செத்தவர்களை நினைக்கிற மாவீரர் நாளுக்கு மண்டபத்துக்குப் போய் வந்து, சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது நீ கேட்டாயாம்: "இவ்வளவு பேர் செத்தும் ஒண்டும் கிடைக்கேல்லையே, அப்ப அவையெல்லாம் சும்மா செத்தவையா?" கொப்பா கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பி, "இப்பிடிக் கேக்கிறதே துரோகம்" என்று சொல்லிப் போய்விட்டாராம். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் கதை இல்லை. "நீங்கள் வரலாறு படிப்பிச்சனீங்கள், சின்ன மாமாவையும் பறிகுடுத்தனீங்கள், நீங்கள் சொல்லுங்கோ" என்று என் தலையில் கட்டிவிட்டாய்.

சொல்கிறேன். நீயும் கொப்பாவும் எதிரும் புதிருமாக நிற்பதாக நினைக்கிறீர்கள். எனக்குப் பார்க்க, இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறீர்கள். சண்டைக்குப் போனவனையும் சண்டையை நடத்தியவனையும் ஒரே கட்டாகக் கட்டி வைத்துவிட்டீர்கள். நடத்தியவர்கள் தோற்றார்கள், ஆகவே போனவன் வீண் என்பது உன் கதை. போனவன் உயிரைக் கொடுத்தான், ஆகவே நடத்தியவர்களை ஒரு சொல்லும் கேட்கக் கூடாது என்பது கொப்பாவின் கதை. அந்தக் கட்டை அவிழ்த்தால்தான் இதில் ஏதும் கதைக்கலாம்.

முதலில் உன் பக்கத்தைப் பார்ப்போம்.

என் தம்பி, உன் சின்ன மாமா, 1991 யூலையில் ஆனையிறவில் வீரச்சாவு. 'ஆகாய கடல் வெளி' என்று பெயர் வைத்து இயக்கம் அந்த முகாமை ஒரு மாதத்துக்குக் கிட்டச் சுற்றி வளைத்து அடித்தது. உப்பளமும் வெட்டையும்தான், ஒளிய ஒரு பற்றை கிடையாது. அரசாங்கம் வெற்றிலைக்கேணியில் கடல்வழியாக ஆமியை இறக்கி முகாமைக் காப்பாற்றிக்கொண்டது. அந்த ஒரு சண்டையில் இயக்கம் 500 பேருக்கு மேல் இழந்தது. யூலை 14ஆம் திகதி, இரும்புத் தகடு அடித்துக் கவச வண்டியாக்கிய புல்டோசர் ஒன்றை முகாமுக்குள் விட்டார்கள். ஹசலக்க என்ற ஊரைச் சேர்ந்த காமினி குலரத்ன என்ற லான்ஸ் கோப்ரல் கைக்குண்டுகளோடு அதன்மேல் ஏறி, அதை நிற்பாட்டி, தானும் செத்தார். இலங்கை இராணுவத்தின் அதியுயர் விருதான பரம வீர விபூஷணய முதன்முதலில் அவருக்குத்தான் கொடுக்கப்பட்டது. அந்தப் புல்டோசரை ஏ9 றோட்டோரத்தில் நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள். தெற்கிலிருந்து வருகிற பஸ்கள் அங்கே நிற்கும். சனம் இறங்கிப் பூ வைக்கும், படம் எடுக்கும். அந்த வண்டிக்குள் இருந்த எங்கட பெடியளின் பெயர் அங்கே இராது. எங்கட நிகழ்வுகளில் குலரத்னவின் பெயர் இராததைப் போலத்தான் இதுவும்.

இப்போது உன் அளவுகோலை அந்த வெட்டையில் வைத்துப் பார். 1991இல் முகாம் ஆமியின் கையில் மிஞ்சியது. ஆகவே குலரத்ன செத்தது பயனுள்ளது, சின்ன மாமா செத்தது வீண். 2000 ஏப்ரல் 22ஆம் திகதி அதே முகாம் இயக்கத்திடம் விழுந்தது. இயக்கச்சிக் கிணறுகளை இழந்து, குடிக்கத் தண்ணீர் இல்லாமல், வெயிலில் நாக்கு வறண்டு பின்வாங்கினார்கள் ஆமிக்காரர். அன்றைக்கு ஒன்பது வருசத்துக்கு முந்திச் செத்த சின்ன மாமாவின் சாவு திடீரென்று பயனுள்ளதாகி, குலரத்னவின் சாவு வீணாகிவிட்டதா? 2009 ஜனவரியில் ஆமி திரும்பப் பிடித்தது. மறுபடியும் மாற்றி எழுதுவதா? மண்ணுக்குள் கிடக்கிறவர்களின் மதிப்பு, அவர்கள் காணாத சண்டைகளில் யார் வென்றார் என்பதைப் பார்த்து ஏறி இறங்குமென்றால் அந்த அளவுகோலில்தான் கோளாறு. அவன் கொடுத்தது அன்றைக்கே கொடுத்து முடிந்தது. பிறகு வந்த வெற்றியால் அது கூடவில்லை, முள்ளிவாய்க்கால் தோல்வியால் அது குறையவும் இல்லை.

அப்படியானால் அவன் கொடுத்தது என்ன? அதையும் மெழுகாமல் சொல்கிறேன். 1990 யூனில் இரண்டாம் கட்டச் சண்டை தொடங்கிய பிறகுதான் அவன் போனான். ஏ.எல். சோதினைக்குப் படித்துக்கொண்டிருந்தவன். பொம்மர் இரைந்தால் ரியூட்டரி முழுக்கப் புத்தகத்தை விட்டுவிட்டுப் பங்கருக்குள் பாயும். அது அடங்க, வந்து விட்ட இடத்திலிருந்து கணக்குச் செய்வார்கள். ஒவ்வொரு கிழமையும் வாங்கில் ஒரு இடம் வெறுமையாகும். ஒரு நாள் ரியூட்டரிச் சுவரில் சைக்கிளைச் சாத்தி, திறப்பைக் கூட்டாளியிடம் கொடுத்து, வீட்டில் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். பிறகு ஒருமுறை வந்தபோது ஏனடா போனாய் என்று கேட்டேன். தமிழீழம், விடுதலை என்று அவன் ஒன்றும் சொல்லவில்லை. "எல்லாரும் போகினம் அண்ணை. நான் மட்டும் எப்பிடிப் படிச்சுக்கொண்டிருக்கிறது?" என்றான். பயம், வெட்கம், கோபம், கூட்டாளிமார் மேல் பாசம், ஊர் மேல் பாசம், எல்லாம் கலந்த ஒரு பதினெட்டு வயது அது. அதைப் பெரிய தத்துவமாக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒருவரும் பிடித்துக்கொண்டு போகவில்லை, தானே போனான். தன் சாவால் தனக்கு ஒன்றும் வராது என்று தெரிந்து போனான். அது சின்ன விஷயம் இல்லை.

போனதற்குக் காரணமும் பொய் இல்லை. 1957இல் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் எழுதிய ஒப்பந்தம் அடுத்த வருசமே கிழிந்தது. 1961இல் எங்கட சனம் யாழ்ப்பாணம் கச்சேரிக்கு முன்னால் சத்தியாக்கிரகம் இருந்தது, ஆமியை விட்டுக் கலைத்தார்கள். பிறகு பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல், 1981இல் நூலக எரிப்பு, 1983 யூலைக் கலவரம். வேறு வழி ஒன்றையும் பாராமல் துவக்கைத் தூக்கினார்கள் என்று எங்களைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. இந்தக் கதை உனக்குத் தெரியும், மண்டபத்தில் வருசா வருசம் கேட்கிறாய்.

மண்டபத்தில் கேளாத கதைக்கு வருகிறேன். இது கொப்பாவின் பக்கம்.

எங்கட கோப்பாயிலேயே இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று மாவீரர்களைப் புதைத்த துயிலுமில்லம் இருந்த காணி. மற்றது அன்னங்கை. அங்கேதான் 1986 மே 6ஆம் திகதி இன்னொரு தமிழ் இயக்கமான ரெலோவின் தலைவர் சிறி சபாரத்தினத்தை இயக்கம் சுட்டது. ரெலோப் பெடியளும் இதே 83 யூலையைப் பார்த்து, இதே கோபத்தோடு, இதே தமிழீழத்துக்கென்று வீட்டை விட்டுப் போனவர்கள்தான். அந்தக் கிழமைகளில் அவர்களைச் சந்திகளில் ரயர் போட்டு எரித்தார்கள். ஊர் படலைக்கு உள்ளே நின்று பார்த்தது. அந்தப் பெடியளின் தாய்மாருக்கு மாவீரர் நாளில் முன்வரிசைக் கதிரை கிடைக்கவில்லை, கல்லறையும் கிடைக்கவில்லை. உயிரைக் கொடுத்தவனெல்லாம் புனிதன் என்றால் அவர்களும் புனிதர்தானே? அவர்களைக் கொன்ற கட்டளையை எந்தப் புனிதத்தில் சேர்ப்பது?

1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னார்கள். என்னோடு படிப்பித்தவர்களும், என்னிடம் படித்த பிள்ளைகளும், சோனகதெருவில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களும் கையில் ஒரு பையோடு போனார்கள். சின்ன மாமா அப்போது இயக்கத்தில் சேர்ந்து சில மாதம்தான். அன்றைக்கு அவனை எங்கே நிற்பாட்டியிருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. முஸ்லிம்களைக் கலைக்கத்தான் அவன் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டுப் போனானா? இல்லை. ஆனால் அவனும் அவனைப் போன்றவர்களும் கொடுத்த பலத்தில்தான் அது செய்யப்பட்டது. போனவன் கொடுத்தது ஒன்று, வாங்கியவன் அதைக் கொண்டு செய்தது இன்னொன்று. இரண்டாவதைக் கேள்வி கேட்டால் முதலாவதை அவமதித்ததாகாது. கேளாமல் விடுவதுதான் அவமதிப்பு. அவனுடைய உயிரை எதற்குச் செலவழித்தீர்கள் என்று கேட்க அவனால் முடியாது. அவனுக்காகக் கேட்க நாங்கள்தான் இருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சின்ன மாமாவைப் போல் தானாய்ப் போனவர்களோடு, கடைசி வருசங்களில் வன்னியில் பிடிபட்ட பிள்ளைகளையும் ஒரே பட்டியலில் சேர்த்து ஒரே சுடரை ஏற்றுகிறோம். வீட்டுக்கு ஒருவர் என்றார்கள், பிறகு அந்தக் கணக்கும் போய்விட்டது. பிள்ளைகளைப் பிடிபடாமல் வைத்திருக்கக் கிடங்கு வெட்டி மூடி வைத்த தாய்மாரை எனக்குத் தெரியும். பதினாறு வயதில் அவசரமாகத் தாலி கட்டி வைத்தார்கள். பிடித்துக்கொண்டு போன பெட்டையளின் தலைமயிரைக் கட்டையாக வெட்டிவிட்டார்கள், தப்பி ஓடினால் அடையாளம் தெரியும் என்று. அந்தப் பிள்ளைக்கும் விளக்கு ஏற்றத்தான் வேண்டும், கட்டாயம் ஏற்ற வேண்டும். ஆனால் அது தன் உயிரைக் கொடுத்தது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனிடமிருந்து எடுத்தார்கள். எடுத்தவர்களும் தமிழர்தான் என்பதால் அது குறைந்த குற்றமாகிவிடாது.

இதையெல்லாம் நீதான் முதலில் கேட்டாய் என்று நினைக்காதே, பிள்ளை. ரஜனி திரணகம யாழ்ப்பாணம் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் படிப்பித்தவர். இந்தியன் ஆமியையும் கேட்டார், இலங்கை ஆமியையும் கேட்டார், இயக்கத்தையும் கேட்டார். நண்பர்களோடு சேர்ந்து 'முறிந்த பனை' எழுதினார். 1989 செப்ரெம்பர் 21ஆம் திகதி பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பும் வழியில் சுட்டுவிட்டார்கள். சுட்டது இயக்கம்தான் என்று அவரோடு எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உனக்குச் சாப்பாட்டு மேசையில் கிடைத்த சொல்லை அவருக்கு றோட்டில் வைத்துக் கொடுத்தார்கள்.

எங்களை மட்டும் நிறுக்கிறேன் என்று கொப்பா சொல்லக்கூடும். மற்றவர்களுக்கும் இதே தராசுதான்.

கொப்பாவின் ஊர் கந்தரோடை. அங்கே 1987 நவம்பர் 25ஆம் திகதி மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் என்ற இந்திய அதிகாரி செத்தார். மும்பையில் பிறந்தவர், மஹார் றெஜிமெண்ட். நெஞ்சில் சூடு பட்ட பிறகும் எதிரே நின்றவனின் துவக்கைப் பறித்துச் சுட்டுவிட்டு விழுந்தார் என்று இந்தியா அவருக்குத் தன் அதியுயர் விருதான பரம் வீர் சக்ராவைக் கொடுத்தது. அவருடைய துணிவை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு மாதத்துக்கு முந்தி, ஒக்ரோபர் 21ஆம் திகதி, தீபாவளி நேரம், அதே படை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து வைத்தியர்கள், தாதிமார், நோயாளிகள் என்று எழுபது பேருக்குக் கிட்டச் சுட்டுக் கொன்றது. பரமேஸ்வரனின் துணிவு ஆஸ்பத்திரிக் கொலையைக் கழுவாது. ஆஸ்பத்திரிக் கொலைக்காகப் பரமேஸ்வரனைக் கோழையென்றும் சொல்ல முடியாது. அவரை இங்கே அனுப்பிய டில்லியைத்தான் கேட்க வேண்டும், என்ன வேலைக்கு அனுப்பினீர்கள் என்று. சமாதானம் காக்க வந்த படை 1,100 பேருக்கு மேல் இழந்து 1990 மார்ச்சில் திரும்பிப் போய் மதராசில் இறங்கியபோது, வரவேற்கப் போக மாட்டேன் என்றுவிட்டார் முதலமைச்சர் கருணாநிதி. அனுப்பிய நாடே என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றது.

சிங்களப் பெடியளின் கதையும் அப்படித்தான். அநுராதபுரம், பொலன்னறுவை, மொனராகலைப் பக்கத்து வயல்காரக் குடும்பத்துப் பிள்ளைகள் கனபேர் மாதச் சம்பளத்துக்காகச் சேர்ந்தவர்கள். பல பத்தாயிரம் பேர் படையை விட்டு ஓடி, அரசாங்கம் திரும்பத் திரும்பப் பொதுமன்னிப்பு அறிவிக்க வேண்டியிருந்தது. விசாகா தர்மதாச என்ற தாயின் மகன் 1998 செப்ரெம்பரில் கிளிநொச்சிச் சண்டையில் காணாமல் போனான். அந்த அம்மா காணாமல் போன படையினரின் பெற்றோரைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார், சமாதான காலத்தில் வன்னிக்கே வந்து இயக்கத்தைச் சந்தித்துக் கேட்டார். படையினர் எல்லோருக்கும் கழுத்தில் அடையாளத் தகடு கட்டாயம் வேண்டும் என்று வலியுறுத்தியவரும் அவர்தான். யோசித்துப் பார். ரணவிரு, அதாவது போர்வீரன், என்று மேடையில் முழங்கிய அரசாங்கத்துக்கு, செத்தால் ஆள் இன்னார் என்று தெரிய ஒரு துண்டுத் தகரம் கழுத்தில் மாட்டிவிட வேண்டும் என்பதை ஒரு தாய் சொல்ல வேண்டியிருந்தது. தன் மகன் வீரன் என்பதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அனுப்பியவர்களை விடவும் இல்லை.

கொப்பாவிடம் நான் எதிர்பார்ப்பதும் அவ்வளவுதான்.

செத்தவர்களைக் கேள்விக்கு மேலே தூக்கி வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தத் தீவே சாட்சி. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம். அந்த டிசம்பரில் ஒஸ்லோவில் சமஷ்டி வழியில் ஒரு தீர்வை ஆராய்வோம் என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டன. அந்த நேரம் நாங்கள் எல்லோரும் கொஞ்சம் மூச்சு விட்டோம். பிறகு அது ஏன் கவிழ்ந்தது என்பதற்குக் காரணம் கன இருக்கிறது, எல்லாவற்றையும் ஒரு கடிதத்தில் அடக்க முடியாது. ஆனால் ஒன்றை என் காதாலேயே கேட்டேன். இங்கே மேடைகளில், இத்தனை ஆயிரம் மாவீரர் செத்தது சமஷ்டிக்காகவா என்றார்கள். கொழும்பில், இத்தனை ஆயிரம் ரணவிருக்கள் செத்தது நாட்டைப் பங்கு போடவா என்றார்கள். முதல் உலகப்போரிலும் இதுதான் நடந்தது. 1916இல் வெர்டனிலும் சொம்மிலும் இலட்சக்கணக்கில் செத்த பிறகு, இவ்வளவு பேரைக் கொடுத்துவிட்டு எப்படி நிற்பாட்டுவது என்று இன்னும் இரண்டு வருசம் கொடுத்தார்கள். செத்தவர்களின் பெயரைச் சொல்லி உயிரோடு இருப்பவர்களைக் கேட்பது, சூதில் போனதை மீட்கிறேன் என்று தாலிக்கொடியையும் வைக்கிற வேலை. இயக்கம் 2008 நவம்பரில் சொன்ன மாவீரர் கணக்கு 22,390. அரசாங்கம் தன் பக்கத்துக்குச் சொன்னது 23,000க்கு மேல். கடைசி மாதங்களில் செத்த பொதுச்சனம் 40,000 வரை இருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது. முதல் இரண்டு கணக்கையும் காட்டித்தான் மூன்றாவது கணக்கு எழுதப்பட்டது. மூன்றாவதில் இருக்கிறவர்களிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

நீ "சும்மா செத்தவையா" என்று கேட்கும்போது எனக்கு அதனால்தான் வயிற்றைக் கலக்குகிறது. அது துரோகமான கேள்வி என்பதால் அல்ல. வீணாகக் கூடாது என்று பதில் சொல்லத் தொடங்கினால், அந்தப் பதில் இன்னும் ஆட்களைக் கேட்கும்.

அம்மம்மாவைப் பற்றி ஒன்று சொல்கிறேன். உனக்கு அவவை நல்ல ஞாபகம் இராது. சின்ன மாமாவைப் பெட்டியில் கொண்டு வந்தார்கள், திறக்கக் கூடாது என்றார்கள். அந்தக் காலத்தில்தான் எரிப்பதை விட்டுப் புதைக்கத் தொடங்கியிருந்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கார்த்திகையும் அம்மம்மாவுக்கு முன்வரிசையில் கதிரை. ஒரு வருசம் மாவீரர் பெற்றோருக்குத் தென்னம்பிள்ளை கொடுத்தார்கள், கொண்டு வந்து கிணற்றடியில் வைத்தா. மேடையில் பேசியவர் புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய தாயை இழுத்தார். தகப்பனையும் புருசனையும் போரில் கொடுத்த பிறகு ஒரே மகனையும் அனுப்புகிறாளே, அவளை. அம்மம்மா வீட்டுக்கு வந்து சொன்னா: "பொடியன் போகேக்க என்னட்டைக் கேக்கேல்லை. பெட்டியில கொண்டந்து தரேக்கையும் கேக்கேல்லை. இப்ப மட்டும் மேடையில ஏறுங்கோ அம்மா எண்டு கேக்கினம்." எனக்கு அன்றைக்குத்தான் அந்தப் பாட்டைத் திரும்ப எடுத்துப் பார்க்கத் தோன்றியது. அதில் எந்த அரசனின் பெயரும் இல்லை, மகனை அனுப்புகிற சண்டை எதற்கென்றும் இல்லை. மாசாத்தியார் அந்தத் தாயின் துணிவைக் கண்டு நடுங்குகிறார், அவளை விட்டு வேறு யாரையும் புகழவில்லை. மேடைக்காரர்தான் தங்களையும் அதற்குள் சேர்த்துக்கொண்டார்கள்.

இருந்தும் அம்மம்மா ஒரு கார்த்திகையும் போகாமல் விடவில்லை. 95 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு மழைக்குள் செம்மணி, நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்கு ஓடி, அடுத்த வருசம் திரும்பி வந்தபோது துயிலுமில்லம் இடித்துக் கிடந்தது. சமாதானம் வந்த பிறகு திரும்பக் கட்டினார்கள், திரும்பவும் போனா. 2010இல் மறுபடியும் புல்டோசர் விட்டார்கள். 2011இல் அதற்கு மேலேயே 51ஆவது டிவிசன் தலைமையகத்தைக் கட்டித் திறந்தார்கள். இப்போது முகாமுக்கு முன்னால் உள்ள காணியில்தான் விளக்கு ஏற்றுகிறோம்.

இதில் ஒன்றைக் கவனி. கல்லறையை இடிக்கிறவன் எதிரே நிற்கும்வரை, கல்லறைக்குப் பக்கத்தில் நின்று கேள்வி கேட்கிறவனும் அவனுடைய ஆள் போலத்தான் தெரிவான். அரசாங்கம் அழவிடாமல் தடுத்த வருசங்களில், அழுகை மட்டுமே எங்களுக்கு அரசியலாகிவிட்டது. கேள்வி கேட்க நேரமே வரவில்லை. 2020இல் மாவீரர் நாளுக்கு நீதிமன்றத் தடை. 2021 ஜனவரியில் பல்கலைக்கழகத்துக்குள் இருந்த முள்ளிவாய்க்கால் தூபியை இரவோடிரவாக இடித்தார்கள், பெடியள் எழும்பி நின்றதில் அதே ஏப்ரலில் திரும்ப எழும்பியது. இந்த வருசம்தான் கொஞ்சம் இளக்கம். புது அரசாங்கத்தின் ஜே.வி.பி.க்காரரும் தங்கள் செத்த தோழர்களை ஒவ்வொரு நவம்பரும் நினைவுகூருகிறவர்கள், அவர்களும் ஒரு காலத்தில் அரசாங்கத்துக்கு எதிராகத் துவக்குத் தூக்கியவர்கள். தங்களுக்கு உள்ள உரிமையை எங்களுக்கு மறுக்க அவர்களுக்கும் வாய் கூசியிருக்கும். போன மாதத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஆறில் மூன்று ஆசனம் அவர்களுக்குப் போனது வேறு கதை, அதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். 27ஆம் திகதி மழைக்குள் குடையைப் பிடித்துக்கொண்டு, சரியாக 6.05க்கு விளக்கேற்றினோம். நானும் ஏற்றினேன். மேலே எழுதியதெல்லாவற்றையும் தெரிந்துகொண்டுதான் ஏற்றினேன். ஏற்றுவதற்கும் கேட்பதற்கும் எனக்குள் ஒரு சண்டையும் இல்லை.

கொப்பாவைப் பற்றி ஒரு சொல். இதை நான் சொன்னதாகச் சொல்லாதே. அவரை 89இல் வெளியே அனுப்ப உன் அப்பப்பா கந்தரோடைக் காணியை ஈடு வைத்தார். அவரோடு வகுப்பில் இருந்த கனபேருக்கு ஈடு வைக்கக் காணி இல்லை. அவர்களில் சிலர் இயக்கத்துக்குப் போனார்கள், திரும்பவில்லை. ஊரில் நின்றவனை விட வெளிநாடு போனவனுக்குத்தான் இந்தக் கேள்வி கூடச் சுடும். நீ "சும்மா செத்தவையா" என்று கேட்கும்போது, உனக்குப் பதிலாக அவை செத்ததும் சும்மாவா என்று அவருக்குக் கேட்கிறது. அதனால்தான் கோப்பையைத் தள்ளினார். உன்னில் உள்ள கோபம் இல்லை அது.

ஆகவே நான் சொல்வது இதுதான். அடுத்த முறை அவரோடு கதைக்கும்போது, நியாயமா இல்லையா என்று தொடங்காதே. அவருடைய வகுப்பில் யார் யார் போனார்கள், எப்படிப் போனார்கள், எந்தச் சண்டையில் செத்தார்கள் என்று பெயர் சொல்லிக் கேள். அவர் சொல்வார், சொல்ல அவருக்கு ஆசைதான். எல்லாவற்றையும் கேட்டு முடிந்த பிறகு, அவர்களை நடத்தியவர்கள் அவர்களுக்கு என்ன செய்தார்கள் என்று கேள். துரோகி என்றால் பொறுத்துக்கொள். அந்தச் சொல்லால் இந்த ஊரில் வாயை மூடியவர்கள் கனபேர். இனியும் மூடத் தேவையில்லை.

சின்ன மாமா செத்தது சரியா பிழையா என்று கேட்டாய். அவன் போனதை நான் பிழை என்று சொல்ல மாட்டேன். அவனைக் கொண்டு செய்ததெல்லாம் சரி என்றும் சொல்ல மாட்டேன். இதில் எது உனக்கு ஒவ்வாவிட்டாலும் எழுது, திருப்பி வாதாடத் தயார். படிப்பிக்கிற காலத்திலும் வாதாடுகிற பிள்ளைகளைத்தான் எனக்குப் பிடிக்கும்.

வாற ஆடியில் லீவு கிடைத்தால் கொப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. ஆனையிறவுக்கும் அன்னங்கைக்கும் கந்தரோடைக்கும் மூன்று பேருமாகப் போவோம். சண்டையை அங்கே வைத்துப் பிடிக்கலாம்.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லு. அவவின் பங்குக் காணிக்கு உறுதிப் பிரதி எடுத்துவிட்டேன், தெரிந்த ஆள் வரும்போது கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
மாமா